ஹவுசாவுக்கு ஒரு பொன்னாடை

1

என் காரின் பின்சீற்றில் ஒரு பொன்னாடை கிடக்கிறது. அதை எனக்குப் போர்த்தி ஒரு கிழமையாகிறது. சரிகை என்ற பெயரில் அதில் ஓடும் பிளாஸ்ரிக் நூல் சீற்றுத் துணியில் மாட்டிக்கொண்டு இழுபடுகிறது. வீட்டுக்குள் கொண்டுபோக மனமில்லை. எறிந்துவிடலாம்தான், ஆனால் இந்த நகரத்தில் எதை எந்த நிறக் குப்பைப் பெட்டிக்குள் போடவேண்டும் என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை. அது கிடக்கட்டும்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள், கனடாவில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாய், உனக்கென்ன குறை என்பார்கள். என்ன படிப்பிக்கிறேன் என்று சொன்னதும் மறுமுனையில் பேச்சு நின்றுபோகும். நான் படிப்பிப்பது ஹவுசா. வட நைஜீரியாவிலும் நைஜரிலும் அவற்றைச் சுற்றியுள்ள நாடுகளின் சந்தைகளிலும் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. அதோடு, ஒரு நாட்டின் பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கவேண்டும் என்று அரசுகள் எடுக்கும் முடிவுகளைப் பற்றியும் ஆராய்கிறேன். இதைக் கேட்ட என் பெரியம்மா மகள், "தமிழ் படிப்பிக்க இடம் கிடைக்கேல்லையோடி?" என்று உண்மையாகவே கவலைப்பட்டாள்.

அவளை மன்னிக்கலாம். இதே கேள்வியை என் துறையில் உள்ளவர்கள் கொஞ்சம் மெருகேற்றிக் கேட்பார்கள். உங்கள் சொந்த மொழியில் ஆராய்ச்சி செய்ய நினைத்ததில்லையா என்பார்கள். எங்கள் துறையில் சுவாகிலி ஆராயும் ஒருவர் இருக்கிறார். கனடாவின் நடுவில், கோதுமை வயல்களுக்குள் பிறந்து வளர்ந்தவர். ஏன் கோதுமையை ஆராயவில்லை என்று அவரிடம் எவரும் கேட்டதில்லை. வெள்ளைக்காரர் எந்த மொழியைத் தொட்டாலும் அது அறிவு. நான் தொட்டால் வழிதவறி வந்துவிட்டேன் என்று பார்க்கிறார்கள்.

2

வழிதவறி வந்தவள்தான், ஒரு கணக்கில். என் அப்பா பௌதிகம் படிப்பித்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாக நைஜீரியாவுக்குப் போன காலத்தில் அவரும் போனார். நானும் தம்பி ரமணனும் வடக்கே ஒரு சிறுநகரில், அரசாங்கப் பாடசாலை விடுதிக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியர் குடியிருப்பில் வளர்ந்தோம். எனக்கு அங்கே போகும்போது ஐந்து வயது, அவனுக்கு மூன்று.

எங்கள் ஆசிரியப் பெருமக்களைப் பற்றி இங்கே சிறப்பு மலர் போடுகிறார்கள், படம் போடுகிறார்கள். ஆபிரிக்காவுக்குக் கல்வி கொடுத்தவர்களாம். நான் கண்டதைச் சொல்கிறேன். வருடக்கணக்காக அந்த மண்ணில் இருந்தும் வா, போ, என்ன விலை என்பவற்றுக்கு மேல் ஒரு வசனம் பேசத் தெரியாமல் இருந்தார்கள். தெரியாததில் ஒரு பெருமையும் இருந்தது. பின்னேரங்களில் ஒன்றுகூடி, இவங்களுக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது என்று பேசிக்கொண்டு, ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளைப் பங்கு பிரிப்பார்கள். யாருக்கு ஏறவில்லை என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும்.

பிள்ளைகளான எங்களுக்கு மொழி தானாக வந்தது. பக்கத்து வீட்டில் ஹாஜியா என்று ஒரு அம்மா இருந்தார். மெக்கா போய்வந்த பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய பிள்ளைகளோடு விளையாடப் போனால் முதலில் அவர் முன் குந்தியிருந்து முகமன் சொல்லவேண்டும். ஹவுசாவில் வணக்கம் ஒரு சொல்லில் முடியாது. இரவு எப்படி இருந்தது, வீட்டார் எப்படி என்று கேள்வி மேல் கேள்வியாகப் போகும். அதில் ஒன்று, 'இனா கஜியா?' களைப்பு எப்படி இருக்கிறது என்று அர்த்தம். 'பா கஜியா', களைப்பு இல்லை என்று சொல்லவேண்டும். மாடாய் உழைத்துவிட்டு வந்தவரும் அப்படித்தான் சொல்லவேண்டும். முழுவதையும் சொல்லி முடிக்காவிட்டால் ஹாஜியா எங்களை உள்ளே விடமாட்டார். ரமணன் பசியில் ஓரிரண்டு கேள்வியை விழுங்கப் பார்த்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான்.

அவன் என்னைவிட நன்றாகப் பேசினான். பந்தடியிலும் சந்தையிலும் திரிந்தவன். சந்தைக்காரர்கள் வேண்டுமென்றே அவனை மறித்துப் பேசவைத்துச் சிரிப்பார்கள். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வீட்டுக்குள் அந்தப் பாசை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் வாசலுக்கு வெளியே பேசினேன். அவன் வாசலுக்கு வெளியேயும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டான். அந்த நாட்டின் காசு மதிப்பிழந்ததும் ஊருக்குத் திரும்பி, ஊரில் மறுபடி சண்டை மூண்டதும் கனடா வந்துசேர்ந்தோம். அவன் முதலில் ஹம்பர்கர் கடை, பிறகு காப்புறுதி, பிறகு வீடு விற்பனை என்று போனான். நான் ஹவுசாவைக் கட்டிக்கொண்டு பல்கலைக்கழகம் போனேன். எனக்கு எல்லாம் மறந்துபோச்சு என்று அவன் எல்லோரிடமும் சொல்வான். நானும் நம்பினேன்.

3

பன்மொழியம் என்பது இங்கே பெரிய தொழில். ஒரு பிள்ளைக்குத் தாய்மொழியில் கல்வி வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் வாதாடி, ஆங்கில இதழில் வெளியிட்டு, அதற்குப் பதவி உயர்வும் வாங்கிக்கொண்டு, தங்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சு வகுப்பில் சேர்க்க வரிசையில் நிற்பார்கள். மேற்கு ஆபிரிக்க மொழிக் கொள்கையில் பெரிய ஆள் என்று பெயரெடுத்த ஒருவருடன் நான் ஒருமுறை வட நைஜீரியாவின் கானோ நகரத்துக்குப் போயிருக்கிறேன். தேநீருக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லவே அவருக்கு நான் தேவைப்பட்டேன். திரும்பி வந்து, மக்களின் அன்றாட மொழிப் பயன்பாடு என்று ஒரு நூல் எழுதினார். நன்றி சொன்ன பக்கத்தில் என் பெயரையும் பிழையாக எழுதியிருந்தார்.

நான் நிரந்தர ஆள் அல்ல. ஹவுசாப் பாடத்தை நான்தான் உருவாக்கினேன், நான்தான் படிப்பிக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு வருடமும், அதைப் படிப்பிக்க எனக்குத் தகுதி இருக்கிறது என்று நானே விண்ணப்பிக்கவேண்டும். நேர்முகம் நடத்துகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் வகுப்பில் இருந்து படித்தவர்கள்.

எங்கள் துறைக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மொழிகளை மதிக்கிறோம் என்று காட்ட, கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் ஒரு மொழியில் வணக்கம் சொல்லவேண்டும். ஒருவர் நமஸ்தே என்பார், யோகா வகுப்பில் படித்தது. இன்னொருவர் விடுமுறைக்குப் போன தீவிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்திருப்பார். நான் ஹவுசாவில் தொடங்குவேன். இரவு எப்படி, வீட்டார் எப்படி என்று கேட்டுக் களைப்புக்கு வருவதற்குள் துறைத்தலைவர் மணிக்கூட்டைப் பார்த்து, அருமை, அருமை என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு கூட்டம் முழுக்க ஆங்கிலம். ஒரு தடவைகூட அந்த வணக்கத்தை முடிக்க எனக்கு விடப்பட்டதில்லை.

போன இலையுதிர் காலத்தில் துறைத்தலைவர் என்னை அழைத்து, ஹவுசா வகுப்பில் சேர்கிறவர்கள் போதாது, வருகிற வருடத்தோடு நிறுத்தப்போகிறோம் என்றார். வகுப்பு நின்றால் என் வேலையும் போய்விடும். என் வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிரம்டனிலும் ஒஷாவாவிலும் இருந்து வரும் நைஜீரியப் பிள்ளைகள். தொலைபேசியில் தாயின் உறவுகளோடு பேச வாய் வராமல் வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தைப் போக்க வருகிறவர்கள். இதைச் சொன்னேன். அவருக்கு அது மிகவும் மனதைத் தொட்டதாம். தொட்ட கையோடு, வெளியிலிருந்து நிதி வந்தால் இருக்கை என்ற பெயரில் ஒரு நிரந்தரப் பதவியே உருவாக்கலாம், உங்கள் சமூகம் மொழிக்காக அள்ளிக் கொடுப்பதில் பெயர்போனதாமே என்று கேட்டார். ஹவுசாவுக்குத் தமிழர்கள் காசு கொடுப்பார்கள் என்று நினைக்க ஒரு பேராசிரியரால் மட்டும்தான் முடியும்.

4

இதை நான் ஒரு பகிடியாகத்தான் ரமணன் வீட்டில் சொன்னேன். அவன் அஜக்ஸில் இருக்கிறான். ஸ்காபரோவின் பஸ் தரிப்பிட வாங்கில்களில் ஒட்டிய விளம்பரத்தில் அவன் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த முகத்தின்மேல் ஆட்கள் குந்தியிருந்து பஸ்சுக்குக் காத்திருப்பார்கள். அவனைப் பற்றி நான் நல்லதாக நினைத்ததில்லை. விற்கப்போகும் வீட்டின் சமையலறையில் புதுக் கல் பதித்துவிட்டு அந்த வீட்டைப் பற்றி மூன்று மொழியில் பொய் சொல்லக்கூடியவன் என்று அவன் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். சிரிப்பான்.

அன்று அவன் சிரிக்கவில்லை. "காசுதானே அக்கா பிரச்சினை? ஆக்கள் இருக்கினம்" என்றான்.

ஆள் என்று அவன் சொன்னது பரமண்ணையை. மூன்று பலசரக்குக் கடையும் ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர் பதவியும் உள்ளவர். சங்கத்தின் பெயரைச் சொன்னால் அதிலிருந்து பிரிந்துபோன மற்றச் சங்கம் கோபிக்கும். றிச்மண்ட் ஹில்லில் அவருடைய வீட்டு நிலக்கீழ் அறையில், தோற்கதிரைகளுக்கும் சாராயப் போத்தல்களுக்கும் நடுவில் எங்களை இருத்தினார். ஆபிரிக்கப் பாசை எல்லாம் தமிழிலிருந்து வந்தது என்று இப்போது நிரூபித்தாகிவிட்டதாகச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். வட்ஸ்அப்பில் என்றார். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகள் உண்டு, ஹவுசா அரபுக்கும் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்குக்கும் தூரத்துச் சொந்தம், தமிழுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் வெள்ளைக்காரனிட்டப் படிச்சனீங்கள். அவன் உண்மையைச் சொல்லித் தருவானே?" என்றார். "நீங்கள் பெரிசா ஒண்டும் செய்ய வேண்டாம். தமிழ் விழாவில ஏறி, இது எங்கட பாசையின்ர பிள்ளை எண்டு ஒரு வசனம் சொல்லுங்கோ. இருக்கைக்குக் காசு நாங்கள் பாக்கிறம்."

தமிழ்-ஆபிரிக்க இருக்கை. பெயரையும் யோசித்து வைத்திருந்தார். அதே மனிதர் அரை மணித்தியாலத்துக்கு முன்புதான், தன்னுடைய கடைக்குப் பக்கத்தில் கறுவல்கள் குடிவந்து இடம் கெட்டுப்போனது என்று சொல்லியிருந்தார். அந்த மக்களோடு ஒரே வீதியில் இருக்கக் கூடாது, ஆனால் அவர்கள் மொழிக்கு நாங்கள் தாயாக இருக்கவேண்டும். எனக்கு அந்த இடத்திலேயே எழும்பிப் போகவேண்டும் போல இருந்தது. ரமணன் என் கையைப் பிடித்து இருத்திவிட்டான்.

பல்கலைக்கழகம் இதைத் தூக்கி எறியும் என்று நம்பினேன். பீடாதிபதி தானும் ஒரு மொழியியலாளர், பன்மொழியத்தில் பேர்போனவர். முழுவதையும் கேட்டுவிட்டு, மிகவும் உற்சாகமான கருதுகோள் என்றார். அது பொய் என்றேன். சமூகங்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே சொல்லும் உரிமையை நாம் மதிக்கவேண்டும் என்றார். எந்தச் சமூகம், ஹவுசாக்காரர்களிடம் கேட்டீர்களா என்றேன். நீங்கள் கொஞ்சம் களைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி, விழாவுக்குத் தானும் வருவதாக நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

5

அந்த வேலை எனக்கு வேண்டும். இதை மறைக்க விரும்பவில்லை. இந்த வயதில் இன்னொரு இடத்தில் என்னை எடுக்கமாட்டார்கள். கணவர் இல்லை, வீட்டுக்கடன் இருக்கிறது, மகள் அபி இன்னும் படித்து முடிக்கவில்லை. இவ்வளவு காலமும் கதவுக்கு வெளியே நின்றவளுக்கு உள்ளே ஒரு கதிரை போட்டு, ஒரேயொரு வசனம் சொல் என்கிறார்கள். ஒரு வசனம்தானே என்று எனக்குள்ளேயே ஒருத்தி சொல்லத் தொடங்கியிருந்தாள். இருக்கை கிடைத்த பிறகு உண்மையை எழுதலாம், வகுப்பும் பிழைக்கும், பிள்ளைகளும் பிழைப்பார்கள் என்று அவள் நல்ல நல்ல நியாயமெல்லாம் வைத்திருந்தாள்.

அபியிடம் கேட்டேன். அவள் கைப்பேசியில் கொரிய நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுறைகளுக்கிடையே மொழி எப்படிக் கைமாறுகிறது என்று நான் கட்டுரை எழுதியிருக்கிறேன். என் மகள் தமிழைச் சோறு கேட்கும் அளவுக்கும், ஹவுசாவை ஒன்றுமே இல்லாத அளவுக்கும் வைத்துக்கொண்டு, கொரிய மொழியை மட்டும் எவரும் சொல்லிக்கொடுக்காமல் சரளமாகப் பேசுகிறாள். "அம்மா, இட்ஸ் வன் சென்ரன்ஸ். யூ நீட் த ஜொப்" என்றாள். பிறகு நாடகத்தை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "பட் நீங்க சொல்லமாட்டீங்க, ரைற்?" என்று கேட்டாள். நான் எழும்பிப்போய் அவளுக்குச் சோறு போட்டேன்.

அன்றிரவு அந்த வசனத்தை எழுதிப் பார்த்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபம். குத்துவிளக்கு, போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம், ஒரே பாட்டுக்கு மூன்று குழு நடனம். முதல் வரிசையில் பீடாதிபதி பட்டுவேட்டி கட்டி, அதற்குமேல் தோல் பெல்ற் போட்டு, காலில் ஓட்டச் சப்பாத்தோடு இருந்தார். அவருக்கு எல்லாம் பிடித்திருந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருக்கும் ஒன்று. பரமண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, ஆபிரிக்காவின் தாய் தமிழே என்று உலகுக்கு எடுத்துச் சொல்லப்போகும் எங்கள் வீட்டுப் பெண் என்று என்னை அறிமுகம் செய்தார். ரமணன் மேடை ஓரத்தில் நின்றான். மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவனிடம் வீடு வாங்கியவர்கள். மீதிப்பேர் இனி வாங்கப்போகிறவர்கள்.

அந்த வசனம் என் வாயில் இருந்தது. எழுதி, திருத்தி, பாடமாக்கி வந்திருந்தேன். பரமண்ணையின் முகத்தையும் அந்த பெல்ற்றையும் பார்த்ததும் அது தொண்டைக்குள் திரும்பிப் போய்விட்டது.

தமிழின் பிள்ளை என்றால் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும், ஆகவே நான் ஹவுசாவிலேயே பேசுகிறேன் என்றேன். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். நான் பேசத் தொடங்கினேன். துறைக்கூட்டத்தில் முடிக்கவிடாத முகமன் முழுவதையும் சொன்னேன், களைப்பையும் சேர்த்து. பிறகு நினைத்ததை எல்லாம் சொன்னேன். எவருக்கும் விளங்காத இடத்தில் உண்மை பேசுவது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது. முன்வரிசை அன்ரிமார் தலையாட்டினார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், எங்கட கதை மாதிரியேதான் கிடக்கு என்பது எனக்குக் கேட்டது. பீடாதிபதி கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்து நன்றி என்றேன். மறுபடி கைதட்டல். சங்கத்தாரும் பீடாதிபதியும் ஏமாறிவிட்டார்கள், வேலையும் கெடவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பரமண்ணைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரமணனும் அங்கே வளர்ந்த பிள்ளைதானே, அக்கா சொன்னதில் இரண்டு வசனத்தைத் தமிழில் சொல்லட்டும் என்று ஒலிவாங்கியை அவன் கையில் கொடுத்தார். அவன் எல்லாம் மறந்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பான், அல்லது பரமண்ணைக்கு வேண்டியதைத் தன் வியாபார வாயால் சொல்லுவான் என்று நினைத்தேன். இரண்டும் எனக்கு வசதிதான்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சபையைப் பார்த்து, வீட்டுப் பத்திரம் வாசிப்பவனைப் போல ஒரே குரலில் சொன்னான்.

"அக்கா முதல்ல உங்கட சுகத்தைக் கேட்டவ. களைப்பு எப்பிடி எண்டு கேட்டவ. பிறகு, இந்தப் பாசைக்கும் தமிழுக்கும் ஒரு தொடுசலும் இல்லை, இருக்கெண்டு சொல்லுறவைக்கு ரெண்டு பாசையும் தெரியாது எண்டு சொன்னவ. இந்த மண்டபத்தில இருக்கிறவை அந்தச் சனத்தைக் கண்டா ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போறவை, அவையின்ர பாசைக்குத் தாயாக வெளிக்கிட்டிருக்கினம் எண்டு சொன்னவ. வேட்டிக்கு மேல பெல்ற் கட்டின பெரியவர் காசுக்காக எந்தப் பொய்யையும் ஆராய்ச்சி எண்டு எடுப்பார் எண்டு சொன்னவ."

அவன் நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பிறகு நான் சொன்னது அவனைப் பற்றி.

"கடைசியா என்னைப் பற்றியும் சொன்னவ. என்ர தம்பி வீடு வித்து வித்து, நாக்கையும் வித்துப்போட்டான், இப்ப என்னையும் விக்கக் கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிறான் எண்டு. இவ்வளவுதான். நான் ஒண்டும் கூட்டேல்லை, குறைக்கேல்லை."

ஒலிவாங்கியை மேசையில் வைத்தான். மண்டபத்தில் குழந்தைகூட அழவில்லை. அந்த அமைதிக்குள் ஒரே ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். பீடாதிபதி. அவருக்கு ஹவுசாவும் தெரியாது, தமிழும் தெரியாது. கண்ணில் நீர் முட்ட, தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டே இருந்தார். பொன்னாடை நழுவி அவருடைய சப்பாத்தில் விழுந்தது.

7

அடுத்து நடந்தவை எதிர்பார்த்தவைதான். பரமண்ணை தன் கடைகளில் தொங்கிய ரமணனின் நாட்காட்டிகளை எல்லாம் கழற்றிவிட்டார். பிரிந்துபோன மற்றச் சங்கம் என்னை அழைத்து, உண்மையைப் போட்டுடைத்த வீரப்பெண் என்று பட்டமளிக்க நாள் கேட்டது. பீடாதிபதிக்கு யாரோ விளங்கப்படுத்தியிருக்கிறார்கள். அவர் அனுப்பிய மின்னஞ்சலில் நேர்மையான பன்மொழி உரையாடலுக்கு நன்றி சொல்லி, கீழே ஹவுசா வகுப்பு திட்டமிட்டபடி நிறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தார். வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே சொன்னேன். இன்றுவரை ஒருவரும் விலகவில்லை.

நான் எழுத நினைத்தது அதுவல்ல. மண்டபத்திலிருந்து வெளியே வந்து பொன்னாடையை என் காரின் பின்சீற்றில் எறிந்தேன். ரமணன் என் கார்ச் சாவியை வாங்கினான். அவனுடைய பெரிய கார், அவனுடைய முகம் ஒட்டியது, அங்கேயே நின்றது. பாதி உருகிய பனி வீதியோரம் கரியாகக் கிடந்தது. நெடுஞ்சாலையில் ஏறினோம். எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. என் கெட்டித்தனத்தை ஒரு நிமிடத்தில் கெடுத்துப்போட்டானே என்ற கோபம்.

மறந்துவிட்டது என்றாயே என்று கேட்டேன்.

"ஒரு சொல்லும் மறக்கேல்லை" என்றான். "அம்மா வேண்டாம் எண்டவ, விட்டன். பிறகு நீ அதை வைச்சுப் படிச்சாய். நான் வாயைத் திறந்தா எல்லாரும், உன்ர தம்பி உன்னைவிட நல்லாக் கதைக்கிறான் எண்டுதான் சொல்லுவினம். உனக்கு இருந்தது அது ஒண்டுதானே அக்கா."

பின் ஏன் இன்று என்று கேட்டேன்.

"நீ சொன்னது நல்லாயிருந்தது. ஒருத்தருக்கும் விளங்காமல் போறது சரியில்லை."

அவன் வீதியைப் பார்த்தே ஓட்டினான். பாதி வாடிக்கையாளர்களை இழந்துவிட்டு வந்த முகம் அது. வாங்கிலில் இருக்கும் முகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் இந்த நகரத்தில் எல்லோரையும் கீழாகப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் காரணத்தோடு. இவன் விஷயத்தில் காரணம் இருந்ததா என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அவன், ஹாஜியாவின் முன் குந்தியிருந்த அதே குரலில், ஒரு சுருக்கமும் இல்லாமல் தொடங்கினான். பகல் எப்படி என்றான். நலம் என்றேன். வீட்டார் எப்படி என்றான். நலம் என்றேன். அவன் அவசரப்படவில்லை, மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

"இனா கஜியா?" என்றான்.

இதற்கு ஒரே பதில்தான் உண்டு என்று வகுப்பு வகுப்பாகப் படிப்பித்தவள் நான். எவ்வளவு களைத்தாலும் இல்லை என்றுதான் சொல்லவேண்டும், மாற்றிச் சொல்வது மரியாதை இல்லை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன்.

"அக்வாய்" என்றேன். இருக்கிறது.

அவன் அதைத் திருத்தவில்லை. "எனக்கும்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அஜக்ஸில் இருக்கும் தன் வீட்டுப் பக்கமாகக் காரைத் திருப்பினான்.